"இடுப்பு வலியைவிட இந்தப் பயம்தான் பெருசு!" - பிரசவத்துக்கு மனசையும் தயார்படுத்துவோம்

காலையில் பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஆம்பூர் பக்கம் போகிற ஷூ கம்பெனி வண்டிகளில் சாப்பாட்டுப் பையோடு பெண்கள் ஏறிக்கொண்டிருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஏழு மாத வயிற்றோடு ஒருத்தியாவது இருப்பாள். அவளுக்கு ஜன்னலோர சீட்டை விட்டுக்கொடுப்பார்கள். கூடவே, கேட்காமலேயே கதைகளையும் கொடுப்பார்கள்.

"எனக்கு ரெண்டு நாள் வலி, கடைசியில ஆபரேஷன்தான் பண்ணாங்க."

"எங்க அண்ணிக்குக் கொடி சுத்திக்கிச்சுன்னு சொன்னாங்க."

"பொறுத்துக்கோடியம்மா, பொம்பளைக்கு அது மறுஜென்மம்."

சொல்கிறவர்கள் எல்லாருமே அவள் மேல் பாசம் உள்ளவர்கள்தான். ஆனால், ஆம்பூர் போய்ச் சேர்வதற்குள் அந்தப் பெண்ணின் மனதில் பிரசவம் என்பது ஒரு விபத்து மாதிரி பதிந்துவிடும். ஸ்கேன் எடுத்தாச்சு, இரும்புச்சத்து மாத்திரை வாங்கியாச்சு, தடுப்பூசி போட்டாச்சு. 'வலி வந்தால் உடம்புக்குள் என்ன நடக்கும், நான் என்ன செய்யணும்' என்பதை மட்டும் யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதைச் சொல்லித் தருவதுதான் பிரசவக் கல்வி. பெரிய ஊர்களில் காசு கட்டிப் போகிற வகுப்பு என்று நினைக்க வேண்டாம். அதில் சொல்லித்தரும் அடிப்படை விஷயங்களை வீட்டிலேயே, அம்மாவோடும் அக்காவோடும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம்.

வேலூர் ஆஸ்பத்திரி பிறந்த கதை

நம் பக்கத்து வேலூர் சி.எம்.சி மருத்துவமனைக்கும் பிரசவத்துக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. 1890-ம் ஆண்டில், திண்டிவனத்தில் டாக்டராக இருந்த தன் தந்தையின் வீட்டில் தங்கியிருந்தார் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவம் சிக்கலாகியிருந்தது. ஆண் டாக்டர் பார்க்க அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவோ மருத்துவம் படித்தவர் இல்லை. விடிவதற்குள் அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த இரவுதான் ஐடாவை டாக்டருக்குப் படிக்க வைத்தது. 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு அவர் தொடங்கிய வைத்தியம்தான் இன்றைய சி.எம்.சி.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவே பெண்ணுக்கு வழியில்லை. இன்றைக்கு நிலைமை தலைகீழ். 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவிகிதப் பிரசவங்கள் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. பெருமைப்பட வேண்டிய விஷயம். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. தமிழ்நாட்டில் 44.9 சதவிகிதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 63.8 சதவிகிதம். நாடு முழுவதற்குமான சராசரி 21.5 சதவிகிதம்தான்.

இதற்குக் காரணங்கள் பல. பயம் மட்டுமே காரணம் இல்லை. ஆனால், என்ன நடக்கிறது என்று தெரியாமல் மிரண்டு போயிருக்கும் பெண்ணால் "ஏன் டாக்டர்?" என்று ஒரு கேள்விகூட கேட்க முடியாது. கட்டிலில் படுத்திருக்கும் அவளுக்கு எது நடந்தாலும், அது யாரோ எடுத்த முடிவாகவே இருக்கும்.

பயந்தால் வலி கூடுமா?

கூடும். இதை முதலில் விரிவாக எழுதியவர் இங்கிலாந்து டாக்டர் கிரான்ட்லி டிக்-ரீட். லண்டனின் வறிய பகுதி ஒன்றில் பிரசவம் பார்க்கப் போனபோது, குளோரோஃபார்ம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அமைதியாகப் பிள்ளை பெற்ற ஓர் ஏழைப் பெண் அவரை யோசிக்க வைத்தார். பயம் வந்தால் உடம்பு இறுகுகிறது, இறுகினால் வலி கூடுகிறது, வலி கூடினால் பயம் இன்னும் ஏறுகிறது என்ற சுழற்சியை 1930-களில் அவர் விளக்கினார். 1950-களில் பிரான்ஸ் நாட்டு டாக்டர் ஃபெர்னாண்ட் லமாஸ், மூச்சுப் பயிற்சியோடு பெண்களைப் பிரசவத்துக்குத் தயார்செய்யும் முறையைப் பரப்பினார். இன்றைக்கும் 'லமாஸ் வகுப்பு' என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்கலாம்.

பயத்தில் சுரக்கும் அட்ரினலின், கர்ப்பப்பை சுருங்கி விரிகிற வேலையைத் தாமதப்படுத்தக்கூடும். அதற்காக, 'பயப்படாவிட்டால் வலியே இருக்காது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலி நிஜம். வலியைத் தாங்க முடியாமல் மருந்து கேட்பதும் தப்பில்லை. வலி என்ன செய்கிறது என்று தெரிந்தால், அதை எதிர்கொள்ள முடிகிறது. அவ்வளவுதான்.

வலி வரும்போது உள்ளே என்ன நடக்கிறது?

பிரசவ வலி விடாமல் வலிக்கும் பல்வலி மாதிரி இல்லை. அலை மாதிரி வரும், ஏறும், இறங்கும், போய்விடும். நல்ல வலி ஒன்று சுமார் ஒரு நிமிடம். பிறகு அடுத்தது வரும் வரை இடைவெளி. முழு நேரமும் கணக்குப் போட்டால், வலிக்காத நிமிடங்களே பெரும்பாலும் அதிகம். அந்த இடைவெளியில் ஓய்வெடுக்கத் தெரிந்தவளுக்குத்தான் கடைசிவரை தெம்பு இருக்கும்.

* சூட்டு வலி: நடந்தால், படுத்தால், தண்ணீர் குடித்தால் அடங்கிவிடும். நேரக் கணக்கு இருக்காது.

* முதல் கட்டம்: கர்ப்பப்பை வாய் மெல்ல மெல்ல 10 செ.மீ வரை திறக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின 2018 வழிகாட்டுதல்படி, 5 செ.மீ திறந்த பிறகுதான் வேகம் பிடிக்கும் கட்டம் தொடங்குகிறது. அதன்பிறகு தலைப்பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரைகூட ஆகலாம். 'மணிக்கு 1 செ.மீ திறந்தே ஆகணும்' என்பது எல்லாப் பெண்ணுக்கும் பொருந்தாது என்றும் அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. "இன்னும் திறக்கலையாமே" என்று வெளியில் நிற்கிற சொந்தங்கள் பதறத் தேவையில்லை.

* இரண்டாம் கட்டம்: முக்குகிற நேரம். உடம்பே 'முக்கு' என்று சொல்லும். தலைப்பிரசவத்தில் 3 மணி நேரம் வரை ஆகலாம்.

* மூன்றாம் கட்டம்: நஞ்சுக்கொடி வெளியே வரும். தாயும் சேயும் நன்றாக இருந்தால், குழந்தையை உடனே நெஞ்சோடு சேர்த்துப் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்கலாம்.

அந்த 'கொடி சுத்தல்' கதைக்கும் பதில் சொல்லிவிடலாம். பிறக்கும் குழந்தைகளில் பல பேருக்குக் கழுத்தில் ஒரு சுற்று கொடி இருப்பது சாதாரணம். பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் அதைக் கழற்றிவிட்டுவிடுவார்கள். கொடி சுற்றியிருக்கிறது என்பதாலேயே ஆபரேஷன் என்று அர்த்தமில்லை. குழந்தையின் நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

வீட்டில் பழகிப் பார்க்க...

ஏழாம் மாதத்திலிருந்து தினம் பத்து நிமிடம் போதும். மூக்கால் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக வாயால் விடுங்கள். விடும்போது தோள், தாடை, கை விரல்களைத் தளர்த்துங்கள். தாடையை இறுக்கிப் பற்களைக் கடித்தால் கீழேயும் இறுகும்.

பிரசவ வகுப்புகளில் ஒரு பயிற்சி தருவார்கள். ஓர் ஐஸ் கட்டியைக் கையில் ஒரு நிமிடம் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாவது முறை மூச்சில் கவனம் வைத்து. வித்தியாசம் உங்களுக்கே தெரியும். அந்த ஒரு நிமிடம்தான் ஒரு வலியின் நீளம்.

டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, வலி எடுத்த பிறகும் மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டியதில்லை. நடக்கலாம், சுவரில் சாய்ந்து நிற்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம். கூட இருப்பவர் இடுப்பை அழுத்தித் தேய்த்துவிட்டால் அதுவே பாதி மருந்து.

கூட ஒரு ஆள்

பிரசவத்தின்போது தொடர்ந்து ஒருவர் துணையாக இருந்தால் என்ன ஆகும் என்று 17 நாடுகளில், 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியிட்டார்கள். துணை இருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் கூடியது, சிசேரியன் குறைந்தது, வலி நேரமும் குறைந்தது. மருந்தும் இல்லை, மிஷினும் இல்லை. பக்கத்தில் ஒரு கை, அவ்வளவுதான்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணை இருக்கலாம் என்று மத்திய அரசு 2016-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதனால், "கூட எங்க அம்மா இருக்கலாமா?" என்று தைரியமாகக் கேளுங்கள். யார் வருவது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். சத்தம்போட்டு அழுகிற அத்தையைவிட, அமைதியாகக் கையைப் பிடித்துக்கொள்கிற அக்கா நல்லது. பேரணாம்பட்டில் பல வீடுகளில் பேச்சு உருதுவில்தான். வலியில் இருக்கும் பெண்ணுக்கு அவள் வீட்டு மொழியிலேயே "இன்னும் கொஞ்சம்தான்மா" என்று சொல்கிற ஓர் ஆள் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஹைதராபாத்தின் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனை, டாக்டர் எவிட்டா ஃபெர்னாண்டஸின் முயற்சியில் 2011-ல் மிட்வைஃப் பயிற்சியைத் தொடங்கியது. பிரசவம் முழுக்க பெண்ணோடு இருந்து கவனிக்கும் செவிலியர்களை உருவாக்குவதே நோக்கம். 2017-ல் தெலங்கானா அரசும் இதில் கைகோத்தது. ஒரு காலத்தில் நம் ஊர் மருத்துவச்சி கொடுத்த அந்தத் துணையை, மருத்துவப் பாதுகாப்போடு சேர்த்துத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி இது.

ஷூ கம்பெனியில் வேலையா? இதைத் தெரிஞ்சுக்கோங்க

நம்பிக்கை என்பது மனசு மட்டும் இல்லை, வேலையும் வருமானமும் சேர்ந்தது.

* மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தோடு. 2017-ல்தான் இது 12 வாரத்திலிருந்து உயர்த்தப்பட்டது. ஈ.எஸ்.ஐ பிடித்தம் உள்ளவர்களுக்கு அந்தத் தொகையை ஈ.எஸ்.ஐ கொடுக்கும்.

* பிரசவத் தேதிக்கு முந்தைய ஆறு வாரமும், அதற்கு முந்தைய ஒரு மாதமும் கடினமான வேலையோ, நீண்ட நேரம் நிற்கிற வேலையோ தரக்கூடாது என்று நீங்கள் கேட்கலாம். இது சட்டம் தந்த உரிமை. விடுப்பில் இருப்பவரை அந்தக் காரணத்துக்காக வேலையை விட்டு நீக்க முடியாது.

* பசை ஒட்டும் பகுதியில் இருந்தால், கர்ப்பம் உறுதியானதுமே சூப்பர்வைசரிடம் சொல்லி வேறு பகுதிக்கு மாற்றிக் கேளுங்கள். அந்தக் கரைப்பான் வாடையைக் கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. மிஷினில் உட்கார்ந்தே வேலை என்றால், மணிக்கு ஒருமுறை எழுந்து நாலு அடி நடங்கள்.

* வீட்டிலிருந்து ஷூ மேல்பாகம் தைத்துக் கொடுக்கிறவர்களுக்கு ஈ.எஸ்.ஐ இருக்காது. நீங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் 12 வாரத்துக்குள் பதிவு செய்து பிக்மி எண் வாங்கிவிடுங்கள். தகுதியுள்ளவர்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் கிடைக்கும். இதில் 14,000 ரொக்கம், மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

ஒன்பதாம் மாத செக்கப்புக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

* குழந்தை தலை கீழே திரும்பியிருக்கா?
* எப்போ கிளம்பி வரணும்?
* வலி வர ஊசி போடறதா இருந்தா எதுக்காகப் போடுவீங்க?
* தையல் எல்லாருக்கும் போடுவீங்களா, தேவைப்பட்டா மட்டுமா?
* ஆபரேஷன் தேவைன்னா காரணத்தை எனக்குச் சொல்வீங்களா?

மரியாதையாகக் கேட்டால் பதில் சொல்கிற டாக்டர்களும் நர்ஸ்களும் நிறைய பேர் இருக்கிறார்கள். கேட்பது எதிர்த்துப் பேசுவது இல்லை.

நம்பிக்கை வேற, வீம்பு வேற

2018-ல் திருப்பூரில், வீடியோ பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு பெண் ரத்தப்போக்கால் உயிரிழந்தது நினைவிருக்கலாம். 'இயற்கையான பிரசவம்' என்ற பெயரில் மருத்துவமனையே வேண்டாம் என்பது பிரசவக் கல்வி அல்ல. எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்று தெரிந்திருப்பதுதான் கல்வி.

ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைந்து பச்சையாக நீர் வருதல், குழந்தையின் அசைவு குறைதல், கடுமையான தலைவலி, கண் மங்குதல், முகம் கை வீக்கம், வலிப்பு, காய்ச்சல்... இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பேரணாம்பட்டிலிருந்து குடியாத்தம் சுமார் 20 கிலோமீட்டர். வேலூர் 50 கிலோமீட்டருக்கு மேல். அதனால் எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, மூத்த பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பதை எட்டாம் மாதமே பேசி வையுங்கள்.

சரி, எல்லாம் கற்றுக்கொண்டும் கடைசியில் சிசேரியன் ஆகிவிட்டால்? அது தோல்வி இல்லை. 1890-ல் அந்த மூன்று பெண்களுக்குக் கிடைக்காத மருத்துவ உதவி உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஏன் செய்தார்கள் என்று தெரிந்து, சம்மதித்து உள்ளே போன பெண், அதிலிருந்து சீக்கிரம் மனசளவில் மீண்டுவிடுவாள்.

இதைப் படிக்கிற நீங்கள் ஏற்கெனவே பிள்ளை பெற்றவராக இருந்தால், ஒரு வேண்டுகோள். நாளைக்குக் கம்பெனி வண்டியில் அந்த ஏழு மாதப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தால், உங்கள் ரெண்டு நாள் வலிக் கதையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். "வலி வந்து வந்து போகும்டீ, நடுவுல ரெஸ்ட் கிடைக்கும். மூச்சை மெதுவா விடு. கூட உங்கம்மாவை வெச்சுக்கோ" என்று மட்டும் சொல்லுங்கள். அவளுக்கு அதுதான் முதல் வகுப்பு.