டெல்லியில் வேலை, வீடு எந்த மாநிலத்தில்? நொய்டாவா, குர்கானா?

டெல்லியில் வேலை பார்க்கும் தமிழர்கள் ஏராளம். மத்திய அரசு குமாஸ்தா முதல் கம்பெனி என்ஜினீயர் வரை இருக்கிறார்கள். பத்து வருஷம் வாடகை கொடுத்து சலித்துப் போன பிள்ளை, ஒருநாள் ஊருக்குப் போன் போடுகிறான்.

"அப்பா, சொந்தமா ஒரு பிளாட் வாங்கலாம்னு இருக்கேன். நொய்டாவுல பாக்கட்டுமா, குர்கான்ல பாக்கட்டுமா?"

இரண்டும் டெல்லிக்குள்தானே இருக்கிறது என்று அப்பா நினைக்கிறார். அங்கேதான் விஷயம்! இரண்டும் டெல்லியில் இல்லை.

யமுனை ஆற்றைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் போனால் நொய்டா. அது உத்தரபிரதேசம். தென்மேற்கே போனால் குர்கான். அது அரியானா. 2016-ல் அதன் பெயரை குருகிராம் என்று மாற்றிவிட்டார்கள். ஜனங்கள் வாயில் இன்னும் குர்கான்தான்.

மாநிலம் மாறினால் சட்டம் மாறும். பத்திரச் செலவு மாறும். பிள்ளையின் காலேஜ் சீட்டு கூட மாறும்!

90 வருஷ குத்தகை

நொய்டா என்பது பழைய ஊர்ப் பெயர் அல்ல. "நியூ ஓக்லா தொழில் வளர்ச்சி ஆணையம்" என்பதன் ஆங்கில முதல் எழுத்துக்கள். நெருக்கடி நிலை காலத்தில், 17-4-1976 அன்று பிறந்த நகரம் அது.

இங்கே நிலம் ஆணையத்துக்குச் சொந்தம். மனையை 90 வருஷ குத்தகைக்குத்தான் கொடுக்கிறது. நீங்கள் பிளாட் வாங்கினாலும் அடியில் இருக்கும் நிலம் குத்தகை நிலமே. திரும்ப விற்கும்போது ஆணையத்தின் அனுமதி வேண்டும். மாற்றுக் கட்டணமும் உண்டு. பழைய பிளாட் வாங்குகிறவர்கள் மீதி எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1990-ல் தொடங்கிய குத்தகை 2080-ல் முடிந்துவிடும்.

இதில் நன்மையும் இருக்கிறது. செக்டார் செக்டாராகத் திட்டம் போட்ட ஊர். ரோடு அகலம். பூங்காக்கள் நிறைய.

ஆனால் ஆபத்து எங்கே? பில்டர் ஆணையத்துக்குக் கட்ட வேண்டிய குத்தகைப் பணத்தைக் கட்டாவிட்டால், வாங்கியவர் பெயருக்குப் பத்திரப் பதிவு ஆகாது. பணம் முழுவதும் கொடுத்து, குடியும் புகுந்து, கையில் பத்திரம் இல்லாமல் தவித்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு.

42 ஆயிரம் பேர் தவிப்பு

ஆம்ரபாலி வழக்கைச் சொன்னால் நொய்டாவில் இன்றைக்கும் வயிறு கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சுமார் 42 ஆயிரம் பேர் கட்டிய பணம் வேறு பக்கம் போய்விட்டது. கட்டிடங்கள் பாதியில் நின்றன. 23-7-2019 அன்று சுப்ரீம் கோர்ட்டு அந்தக் கம்பெனியின் பதிவையும் குத்தகையையும் ரத்து செய்தது. மீதி வேலையை மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது.

இன்னொன்று, 93-ஏ செக்டாரில் இருந்த இரட்டைக் கோபுரம். குதுப்மினாரை விட உயரம். குடியிருந்தவர்களின் சம்மதம் இல்லாமல், விதிகளை மீறிக் கட்டியது. குடியிருப்போர் சங்கம் கோர்ட்டுக்குப் போய் விடாமல் போராடி ஜெயித்தது. 28-8-2022 அன்று வெடிமருந்து வைத்து சில வினாடிகளில் தரைமட்டம் ஆக்கினார்கள்.

அப்படியானால் குர்கான்?

"குர்கான்ல அந்தத் தொல்லையே கிடையாது சார், எல்லாம் முழு உரிமை!" என்பார் புரோக்கர். பாதி உண்மை. அரியானாவில் 1975-ல் வந்த சட்டம், தனியார் கம்பெனிகள் லைசென்சு வாங்கி நகர் அமைக்க வழி விட்டது. விவசாயிகளிடம் நேரடியாக நிலம் வாங்கி டி.எல்.எப். போன்ற கம்பெனிகள் காலனி போட்டன. அதனால் பெரும்பாலும் நிலம் முழு உரிமையில் கிடைக்கும்.

ஆனால் தனித்தனியாக காலனி எழும்பியதே தவிர, எல்லாவற்றையும் இணைக்கும் வடிகால் அந்த வேகத்தில் வரவில்லை. ஆரவல்லி மலைத் தண்ணீர் ஓடிய ஓடைகள் மேல் கட்டிடங்கள் முளைத்தன. 28-7-2016 அன்று பெய்த மழையில் ரோடு முழுக்க வெள்ளம். ஆபீசில் இருந்து கிளம்பியவர்கள் விடிய விடிய காரிலேயே கிடந்தார்கள்.

கட்டிடத் தரமும் கவனிக்க வேண்டியது. 10-2-2022 அன்று குர்கான் 109-வது செக்டாரில் ஒரு அடுக்குமாடியில் தளங்கள் சரிந்து 2 பெண்கள் இறந்தார்கள். கட்டி முடித்துப் பல ஆண்டுகள் கூட ஆகாத கட்டிடம் அது!

பிள்ளைகள் படிப்பு

வீடு பார்க்கிறவர்கள் பலர் மறந்து போகும் விஷயம் இது. டெல்லி தொழில்நுட்ப பல்கலைக்கழகம், இந்திரபிரஸ்தா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் 85 சதவீத இடம் டெல்லிப் பள்ளியில் படித்துத் தேறியவர்களுக்கு. நொய்டா, குர்கான் பள்ளியில் பிளஸ்-2 முடித்தால் நீங்கள் வெளி மாநிலம்!

வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும், பள்ளி இந்தப் பக்கம் இருக்கட்டும் என்று சில பெற்றோர் ஏற்பாடு செய்வது இதனால்தான். தமிழும் படிக்க வேண்டும் என்றால் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகள் இருக்கின்றன. லோதி எஸ்டேட், ராமகிருஷ்ணாபுரம், ஜனக்புரி என்று அவை இருப்பதும் டெல்லிக்குள்தான்.

ஆபீஸ் எந்தப் பக்கம்?

நொய்டாவுக்கு 2009-லும் குர்கானுக்கு 2010-லும் மெட்ரோ ரெயில் வந்துவிட்டது. நொய்டாவில் ஏறினால் கன்னாட் பிளேஸ் பக்கம் நேராகப் போகலாம். தலைமைச் செயலகம் என்றால் மண்டி ஹவுசில் இறங்கி மாற வேண்டும். குர்கான் மஞ்சள் பாதை ரெயில் மத்தியச் செயலகத்துக்கு நேராகவே போகிறது. ஆபீஸ் எங்கே என்பதை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம்.

இன்னொரு பாடமும் உண்டு. 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது இரண்டு மாநிலங்களும் டெல்லி எல்லையை மூடின. பாஸ் இல்லாதவர்களால் எல்லை தாண்ட முடியவில்லை. "மாநில எல்லை" என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பலருக்குப் புரிந்தது.

சம்சாரம் பேரில் வாங்கினால் லாபம்!

அரியானாவில் நகர்ப்புறச் சொத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் ஆண்களுக்கு 7 சதவீதம்; பெண்களுக்கு 5. ரூ.80 லட்சம் பிளாட் என்றால் ரூ.1 லட்சத்து 60 ஆயிரம் மிச்சம். உத்தரபிரதேசத்திலும் பெண்களுக்கு 1 சதவீதம் சலுகை உண்டு. அதற்கு சொத்து மதிப்பில் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பதிவுக்கு முன் அன்றைய கட்டணத்தைக் கேட்டுக் கொள்வது நல்லது.

முன்பணம் கொடுக்கும் முன்:

* 2016 ரியல் எஸ்டேட் சட்டப்படி திட்டம் பதிவாகி இருக்கிறதா? இரு மாநிலங்களுக்கும் தனித்தனி ஒழுங்குமுறை ஆணையம். எண்ணைக் கேட்டு வாங்கி நீங்களே சரி பாருங்கள்.

* நொய்டாவில்: பில்டர் ஆணையத்துக்குப் பாக்கி வைத்திருக்கிறாரா? பத்திரப் பதிவு நடக்கிறதா?

* குர்கானில்: மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். அண்டை வீட்டுக்காரரை விசாரியுங்கள்.

* குடியேறத் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா?

* விலை மிக மலிவு என்றால் உஷார்! நொய்டாவை ஒட்டிய ஷாபெரி கிராமத்தில் மலிவாகக் கட்டிய 2 கட்டிடங்கள் 17-7-2018 இரவு இடிந்து 9 பேர் பலியானார்கள்.

ஆபீஸ் கிழக்கே, கையில் பணம் அளவாக, கட்டி முடித்துப் பதிவும் ஆகும் பிளாட் கிடைக்கிறது என்றால் நொய்டா. ஆபீஸ் தெற்கே, கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்க முடியும், மேட்டுப் பகுதியில் கிடைக்கிறது என்றால் குர்கான். எந்தப் பக்கம் போனாலும் வரைபடத்தில் இருக்கும் வீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள். நிற்கிற வீட்டுக்குக் கட்டுங்கள்.