கரிசல் உடுப்பு - 7: சாக்குக் கொங்காணி

சென்ற வாரம் காதில் தொங்கும் பாம்படத்தைப் பார்த்தோம். இந்த வாரம் தலைக்கு வருவோம். நகைக்குப் பெட்டி உண்டு, வாரிசு உண்டு, அடகுச் சீட்டாவது உண்டு. மழைக்காலத்தில் கரிசல் பெண்கள் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் கொங்காணிக்கு இதில் எதுவுமே கிடையாது. மழை விட்டுக் காய்ந்ததும் அது மறுபடி சாக்காகித் தானியம் கட்டப் போய்விடும்.

கோவில்பட்டிக்கு மேற்கே 20 கிலோமீட்டர் அளவில் கழுகுமலை. அங்கே பாறையில் வரிசையாகச் செதுக்கிய சமண உருவங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் அவற்றைச் செய்வித்தவர்களில் குரத்திகள் எனப்பட்ட பெண் துறவிகளும் உண்டு. திருச்சாரணத்துக் குரத்திகள் என்ற பெயர் இன்றும் கல்லில் நிற்கிறது. அந்த வரிசையில் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வத்தின் கொண்டையும் அணிகலனும் துலக்கமாகத் தெரிகின்றன. அடிவாரக் காட்டில் களையெடுத்தவள் மழைக்கு எதைப் போர்த்தினாள் என்பதைச் செதுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வேறொரு தேசத்தில் இந்தக் குறையை மண்ணே தீர்த்துவைத்தது. 1921இல் கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைத் தோட்டத்தை டென்மார்க்கின் பௌல் நோர்லண்ட் அகழ்ந்தார். சவத்தைச் சுற்றிப் புதைத்த இடைக்காலக் கம்பளி உடைகள் உறைபனி மண்ணில் மட்காமல் கிடந்தன. தலையோடு தோளையும் மூடும் முக்காட்டுத் தொப்பிகள் அவற்றில் இருந்தன. அவற்றின் வெட்டைப் பார்த்து இன்றும் பலர் துணி வெட்டித் தைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். கரிசல் மண் மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். துணியை அப்படிக் காத்துத் தராது. நமக்கு மிஞ்சியிருப்பது மடிக்கத் தெரிந்த கைதான்.

அந்தக் கை செய்வதைப் பாருங்கள். 100 கிலோ பிடிக்கும் சணல் சாக்கு ஏறத்தாழ 44 அங்குல நீளம், 26 அங்குல அகலம். அடியில் இரண்டு மூலைகள். ஒரு மூலையை உள்ளே அழுத்தி, முனையோடு முனை பொருந்தும்வரை எதிர் மூலைக்குள் தள்ளினால் கூம்பு எழும்பும். 26 அங்குலம் 13 ஆகும். தலையின் இருபுறமும் இரண்டிரண்டு அடுக்குச் சணல் வரும். கத்தரி வேண்டாம், ஊசி வேண்டாம். மீதிச் சாக்கு முதுகை மூடி இடுப்புக்குக் கீழே இறங்கும். களைசுரண்டி பிடித்துக் குனிந்திருப்பவளுக்கு இரண்டு கையும் வேண்டும், குடை ஆகாது. அவள் முதுகில் விழும் மழை சாக்கின் ஓரமாய் வடிந்து போகும்.

கல்கத்தா அருகே ரிஷ்ராவில் முதல் சணல் ஆலை 1855இல் வந்தது. அதன் பிறகே ஆலைச் சாக்கு ஊர் ஊராகப் பரவியது. மடிப்போ சாக்குக்கு மட்டும் உரியதல்ல. ஆடு மேய்ப்பவர்கள் கம்பளியையும் கொங்காணியாகப் போட்டுக்கொள்வார்கள். கிரீன்லாந்துக்காரர்கள் நம்பியதும் கம்பளியைத்தான், நனைந்தாலும் சூடு காக்கும் என்பதால். இப்போது பிளாஸ்டிக் உரச்சாக்கு வந்துவிட்டது. தண்ணீர் இறங்காது, உள்ளே வேர்த்துக் கொட்டும்.

ஐப்பசி மழைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஆச்சியிடமோ அவ்வாவிடமோ ஒரு சாக்கைக் கொடுத்து மடித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த மூலை எதற்குள் போகிறது, கூம்பு எத்தனை அங்குலம், காற்றடித்தால் எப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்று அளந்து எழுதி வையுங்கள். பிறகு நீங்களே மடித்துப் போட்டுக்கொண்டு மழையில் ஒரு பாத்தி களையெடுத்துப் பாருங்கள். கழுகுமலைக் கல்லில் விடுபட்டவளின் உடுப்பை நாம் எழுதத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

(தொடரும்)