பத்தாம் வகுப்பு வந்தால் பாட்டு வகுப்பை நிறுத்த வேண்டுமா?

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததோ இல்லையோ, பாட்டு டீச்சர் வீட்டிலும் நடன வகுப்பிலும் பிள்ளைகளின் கூட்டம் குறைய ஆரம்பித்துவிடும். "இந்த வருஷம் டென்த் மிஸ். படிக்கவே நேரம் போதலை. பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தாய்மார்கள் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பத்து முடிந்தால் பிளஸ் ஒன், அதற்குப் பின் பிளஸ் டூ, அதற்கப்புறம் காலேஜ். அந்த 'அப்புறம்' மட்டும் வருவதே இல்லை. ஆறேழு வருஷம் பீஸ் கட்டிக் கற்றுக்கொடுத்த வீணை பரணுக்குப் போய்விடும். சலங்கை பீரோவின் அடித்தட்டில் கிடக்கும்.

"பாட்டும் கூத்தும் சோறு போடுமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கற்றுக்கொள்கிற எல்லாப் பிள்ளைகளும் வித்வானாகப் போவதில்லை. அப்படியானால் இந்தக் கலைகள் வளரும் பிள்ளைக்கு என்னதான் செய்கின்றன?

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தள்ளி வைத்துவிடுவோம். சங்கீதம் கேட்டாலே குழந்தைக்கு மூளை வளரும் என்று சொல்லி காசெட்டும் சி.டி.யும் விற்றார்கள் அல்லவா? அதற்கு ஆதாரமாகக் காட்டியது 1993இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி. அது குழந்தைகளிடம் செய்ததே அல்ல. கல்லூரி மாணவர்களைப் பத்து நிமிஷம் மோட்சார்ட் இசை கேட்க வைத்துச் சில புதிர்கள் கொடுத்தார்கள். கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள். அந்தப் பலனும் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. ஆகவே மார்க் கூடும் என்பதற்காகப் பாட்டு வகுப்புக்கு அனுப்ப வேண்டாம். அதைவிடப் பெரிய லாபங்கள் இருக்கின்றன.

தப்பு செய்யப் பழகுதல்

பாட்டு கற்கும் குழந்தை சரளி வரிசையில் ஆரம்பிக்கிறது. அதே ஸ்வரங்களை முதல் காலத்தில் நிதானமாக, இரண்டாம் காலத்தில் இரட்டிப்பாக, மூன்றாம் காலத்தில் இன்னும் வேகமாகப் பாட வேண்டும். கையோ தாளம் போட்டபடி இருக்க வேண்டும். எட்டு எண்ணிக்கையுள்ள ஆதி தாளம் ஓரிடத்தில் தவறினாலும் டீச்சர், "மறுபடி முதல்லேர்ந்து பாடு" என்பார். குழந்தை முகம் சுளிக்காமல் மறுபடி பாடும்.

சிவப்பு மையில் தப்பைச் சுழித்து மார்க்கைக் குறைப்பதோடு பரீட்சையில் கதை முடிந்துவிடும். கலை வகுப்பில் தப்புதான் ஆரம்பம். பத்துத் தடவை தவறி, பதினோராவது தடவை சரியாக வரும்போது ஒரு சந்தோஷம் வருமே, அதை ருசித்த பிள்ளை கஷ்டமான கணக்கைக் கண்டதும் நோட்டை மூடி வைக்காது. 'இப்போது வரவில்லை, பழகினால் வரும்' என்று அதற்குத் தெரியும்.

சேர்ந்து செய்தல்

கோலாட்டத்தைப் பாருங்கள். ஒருத்தி அரை நொடி தாமதித்தால் எதிரில் இருப்பவளின் கோல் காற்றில்தான் அடிக்கும். கும்மியும் அப்படித்தான், பள்ளி நாடகமும் அப்படித்தான். தன் முறை வரும்வரை காத்திருப்பது, பக்கத்தில் இருப்பவர் தடுமாறினால் சமாளித்துக் கொடுப்பது, இதையெல்லாம் எந்தப் பாடப் புத்தகத்திலிருந்து சொல்லிக் கொடுக்க முடியும்? தனித் தனியாக போன் பார்த்துக்கொண்டு உட்காரும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை.

எங்கள் தெருவில் ஒரு பெண். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நிற்பாள். பள்ளி நாடகத்தில் அவளுக்குக் கிடைத்தது நாலே வரி பேசும் கிழவி வேஷம்தான். ஒரு மாசம் ஒத்திகை பார்த்தாள். அதன் பிறகு கடைக்காரரிடம், "அண்ணா, மீதிச் சில்லறை குறையுது" என்று தைரியமாகக் கேட்கிறாள். அவள் அம்மாவுக்கு இதைவிட என்ன பரிசு வேண்டும்?

மனசுக்கு ஒரு வடிகால்

பதின்மூன்று, பதினான்கு வயதில் உடம்பும் மனசும் மாறுகின்றன. காரணமில்லாமல் கோபம், அழுகை. "என்னடா ஆச்சு?" என்றால் "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் பதில் வரும். சொல்லத் தெரியாததை அரைமணி நேரம் மிருதங்கத்தில் வாசித்துத் தீர்க்கலாம், ஆடித் தீர்க்கலாம், வண்ணத்தில் கொட்டலாம். பரீட்சை பயம் அதிகமாக இருக்கும் வருஷத்திலேயே இந்த வடிகாலை அடைப்பது சரியா என்று யோசித்துப் பாருங்கள். ஆண் பிள்ளைக்கும் இது வேண்டும். "ஆம்பளைக்கு எதுக்கு டான்ஸ்?" என்று அடக்காதீர்கள்.

இது பணக்காரர் வீட்டுச் சமாசாரம் என்றும் நினைக்க வேண்டாம். 1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் கலைகளில் பங்குபெறுவதும் குழந்தையின் உரிமை என்றே சொல்கிறது. 1992இல் நம் நாடும் அதை ஏற்றுக்கொண்டது.

செலவில்லாத வழிகள்

தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறையைச் சேர்ந்த ஜவகர் சிறுவர் மன்றங்களில் பாட்டு, நடனம், ஓவியம் முதலியவற்றைச் சொற்பக் கட்டணத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். கலையையே தொழிலாகக் கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, வயலின், மிருதங்கம், பரதநாட்டியம், நாதஸ்வரம், தவில், தேவாரம் ஆகியவற்றில் மூன்றாண்டுப் படிப்பு. அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. பறையாட்டம், கிராமிய நடனம் என்று எத்தனையோ பிள்ளைகள் மேடை ஏறுகிறார்கள்.

வீட்டு வாசலே ஒரு பள்ளிக்கூடம்தான். புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போடுகிறோமே, அதற்குள் இருக்கும் ஒழுங்கைச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிப்ட் சிரோமணியும் அவருடைய சகாக்களும் 1970களில் கணித முறையில் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார்கள். விடுமுறை நாளில் மகளையும் மகனையும் கூட உட்கார்த்தி ஒரு கோலம் போடச் சொல்லுங்கள்.

பரீட்சை வருஷத்துக்குச் சில யோசனைகள்

* வகுப்பை அடியோடு நிறுத்தாமல் வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்துக்கொள்ளுங்கள். டீச்சரிடம் முன்கூட்டியே பேசினால் ஒத்துழைப்பார்.

* பள்ளி விட்டு வந்து டிபன் சாப்பிட்டதும் இருபது நிமிஷம் சாதகம் போதும். அதன் பிறகு படிக்க உட்காரும் மனசு லேசாக இருக்கும்.

* அந்த வருஷம் போட்டி, அரங்கேற்றம் எதுவும் வேண்டாம். கடன் வாங்கி அரங்கேற்றம் செய்வது எந்த வருஷமும் வேண்டாம்.

* "பக்கத்து வீட்டுப் பொண்ணு எப்படிப் பாடறா பாரு" என்ற பேச்சே கூடாது.

* பிள்ளைக்கு உண்மையிலேயே பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். பாட்டு வராத கைக்குப் படம் வரலாம்.

* எல்லாவற்றுக்கும் மேலாக, அடுப்பை 'சிம்'மில் வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் அருகில் உட்கார்ந்து கேளுங்கள். நமக்கு ராகம் தெரிய வேண்டிய அவசியமில்லை. அம்மா கேட்கிறாள் என்பதே பிள்ளைக்குப் பெரிய உற்சாகம்.

மார்க் ஷீட்டைக் காலேஜில் சேரும்போது கேட்பார்கள், வேலையில் சேரும்போது கேட்பார்கள். அதற்குப் பிறகு அது பைலுக்குள் போய்விடும். கற்ற பாட்டு நாற்பது வயதிலும், அறுபது வயதிலும், மனசு சோர்ந்த ஒரு சாயங்காலத்தில் துணைக்கு வரும். அந்தத் துணையைப் பதினைந்து வயதில் பறித்துவிடாமல் இருப்போமே, சகோதரிகளே!