புனிதப் பயணமும் உடல் எடையும்

பழந்தமிழில் 'செலவு' என்னும் சொல் பயணத்தைக் குறித்தது. பொருள் தேடிப் பிரியும் தலைவன் புறப்பட மனமின்றித் தயங்கி நிற்பதை அகப்பொருள் நூலார் 'செலவழுங்கல்' என்றனர். பிற்காலத்தில் அதே சொல் கைப்பொருள் கரைவதற்கும் பெயராயிற்று. இன்று உடற்கூற்று வல்லுநர் உண்ணும் உணவை வரவாகவும், உழைப்பால் கரையும் ஆற்றலைச் செலவாகவும் வைத்துக் கணக்கெழுதுகின்றனர். பயணத்தில் செலவு மிகும், ஆகவே எடை தானாகக் குறையும் என்று எண்ணித்தான் நம்மில் பலர் புறப்படுகின்றோம். யானும் அவ்வாறே எண்ணிப் புறப்பட்டவன். அக்கணக்கு எங்கே பிழைக்கின்றது என்பதை ஈண்டு விளக்க முற்படுகின்றேன்.

2021-ஆம் ஆண்டு இறுதியில், இரத்தத்தில் சருக்கரை எல்லையைத் தொட்டுவிட்டதென்று மருத்துவர் எச்சரித்தார். அதன்பின் ஓராண்டுக் காலம் உணவை அளந்து, நாள்தோறும் நடந்து, 11 கிலோ எடையைக் குறைத்தேன். 2023-ஆம் ஆண்டில் உம்மாவை அழைத்துக்கொண்டு 15 நாள் உம்ராப் பயணம் மேற்கொள்ளும் பேற்றை அல்லாஹ் அளித்தான். திரும்பி வந்த மறுநாள் காலை எடைப்பொறியில் ஏறி நின்றேன். முள் 4 கிலோ கூடுதலாகக் காட்டிற்று. மக்காவில் கால் வலிக்க நடந்தவனுக்கு இது எவ்வாறு நேரும்?

முதலில் நடையின் கணக்கைக் காண்போம். சஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையிலான ஏழு நடைகளும் சேர்ந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் ஆகும். கஅபாவை ஒட்டிய தளத்தில் தவாஃப் செய்தால் மேலும் ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் எனலாம். மாடியில் சுற்றினால் தொலைவு மிகப் பெருகும். ஆக, ஓர் உம்ராவை நிறைவேற்றுபவர் ஐந்து கிலோமீட்டர் நடக்கின்றார் என்று கொள்வோம். எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடக்க ஏறக்குறைய 50 முதல் 60 கலோரி கரையும். ஐந்து கிலோமீட்டருக்கு 250 முதல் 300 கலோரி. இது ஒரு தட்டு நெய்ச்சோற்றில் பாதிக்கும் ஈடாகாது. கூட்டத்தின் நெருக்கமும் வெப்பமும் மனத்தின் உருக்கமும் கூடி அந்த நடையை நமக்கு மிகப் பெரிதாக உணர்த்துகின்றன. உடல் கரைப்பதோ தொலைவுக்கும் எடைக்கும் உரிய அளவு மட்டுமே.

மற்றொன்றையும் பின்னர்தான் கவனித்தேன். கைப்பேசி காட்டிய அடிக்கணக்கைப் பார்த்தபோது, உம்ரா நிறைவேற்றிய நாளில் 19,000 அடிகள் நடந்திருந்தேன். ஐந்தாம் நாள் 6,000 அடிகளே. தங்கும் விடுதிக்கும் பள்ளிக்கும் இடையில் நடந்ததோடு சரி. எஞ்சிய நேரம் அமர்விலும் படுக்கையிலும் கழிந்தது. ஊரில் நாள்தோறும் 9,000 அடி நடந்து பழகியவன், மக்காவில் 'நிறைய நடக்கின்றோம்' என்னும் நினைப்பிலேயே குறைவாக நடந்திருக்கின்றேன்!

இனி, எடை குறைத்தவர் உடலுக்கே உரிய ஓர் இயல்பைக் கூற வேண்டும். குறைந்த எடையை உடல் தனக்கு நேர்ந்த இழப்பாகவே கருதுகின்றது. 2011-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பத்து வாரம் உணவைக் கடுமையாகக் குறைத்து மெலிந்தவர்களை ஓராண்டுக்குப் பின்னரும் அவர்கள் சோதித்தனர். பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் சுரப்பு அப்போதும் மிகுந்தே இருந்தது. பசியை அடக்கும் லெப்டின் குறைந்தே இருந்தது. ஆகவே எடை குறைத்தவர் எப்போதும் சிறிது கூடுதலான பசியோடுதான் வாழ்கின்றார். ஊரில் இருக்கும்போது வீட்டுத் தட்டு, வீட்டு நேரம், மாலை நடை ஆகியன அப்பசிக்கு வேலியாக நிற்கின்றன. அயல்நாட்டில் அவ்வேலி ஒரே நாளில் விழுந்துவிடுகின்றது. இது மனவுறுதி இன்மையால் மட்டும் விளைவதன்று என்பதை இல்லத்தார் உணர்தல் நன்று.

உணவுக்கு வருவோம். பயணக் குழுவினர்க்குச் சமைப்பவர் பெரும்பாலும் நம்மூர்ச் சமையற்காரரே. காலையில் பசியாறப் பரோட்டாவும் கறி ஆணமும், நண்பகலில் பிரியாணி அல்லது நெய்ச்சோறு, இரவில் மீண்டும் பரோட்டா, இடையிடையே சருக்கரை கரைந்த பால் தேநீர். எடுத்துண்ணும் முறையாதலால் தட்டின் எல்லையே வயிற்றின் எல்லையாகிவிடுகின்றது. பணம் முன்னரே கட்டிவிட்டோம் என்னும் எண்ணம் வேறு கரண்டியைச் சற்றே ஆழமாக முகக்கச் செய்கின்றது. (இவ்விடத்தில் பேராசிரியர்களும் விதிவிலக்கல்லர்.)

ஆனால் விடுதி உணவினும் கடினமானது உறவினர் விருந்து. ஜித்தாவில் பணிபுரியும் எம்மூரார் பலர். உம்ராவுக்கு வந்தவரை ஒரு வேளையாவது அழைத்து உண்பிப்பதை அவர்கள் பெரும் நன்மையாகக் கருதுகின்றனர். என் பெரியம்மா மகள் வீட்டிற்குச் சென்றபோது வாசலிலேயே, "என்ன தம்பி, இப்படி இளைச்சுப் போயிட்டே? உடம்புக்குச் சுகமில்லையா?" என்று லாத்தா கண்கலங்கினார்கள். ஓராண்டு உழைப்பின் பயன் அன்புடையார் கண்ணுக்கு நோயாகத் தெரிகின்றது! அந்தக் கவலைக்கு விடையாக வந்தது சஹன். நால்வர் சூழ்ந்தமர்ந்து ஒரே தாம்பாளத்தில் உண்ணும் இவ்வழக்கம் கடற்கரை ஊர்களிலும் அரபு நாடுகளிலும் ஒருங்கே நிலவுகின்றது. உறவை வளர்க்கும் அரிய பழக்கம் அது. எனினும் சஹனில் ஒருவர் உண்ட அளவு ஒருவர்க்கும் தெரியாது. மச்சான் கறித்துண்டுகளை என் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். அதன்பின் வட்டலப்பம் வந்தது. மறுத்தால் லாத்தா மனம் நோகும் என்று உண்டேன். இரண்டாவது துண்டை உண்டதற்கு அக்காரணம் பொருந்தாது.

உண்ணவும் பருகவும் இசைவளித்த அதே இடத்தில் வரம்பு மீறுதலைத் திருமறை கண்டிக்கின்றது. வயிற்றின் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கை நீருக்கும், எஞ்சியதை மூச்சுக்கும் விடுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் மேடைதோறும் கூறுகின்றோம். வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில் முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணுதலையே பெரிதும் வற்புறுத்துகின்றார். கூறுவது எளிது, லாத்தாவின் சஹன் முன்னர்க் கடைப்பிடித்தலே அரிது.

அதற்கும் வழியுண்டு. 2025-ஆம் ஆண்டு மீண்டும் உம்ராவுக்குச் சென்றபோது, புறப்படும் முன்னரே தொலைபேசியில் லாத்தாவை அழைத்து, சருக்கரை பற்றி மருத்துவர் கூறியதை ஒளிவின்றிச் சொன்னேன். வாசலில் நின்று மறுப்பது விருந்தோம்பலை அவமதிப்பது போலாகும். முன்கூட்டிச் சொல்வதோ அவர்களையும் நம் முயற்சியில் துணையாக்கிவிடுகின்றது. அம்முறை மீன் ஆணமும் கீரையும் சிறிது சோறும் தனித் தட்டில் வந்தன. வட்டலப்பமும் வந்தது, ஒரு துண்டு மட்டும். மச்சானைத்தான் திருத்த இயலவில்லை.

அரபு நாட்டு உணவெல்லாம் கொழுப்பே என்று அஞ்சவும் வேண்டா. மக்காவின் சிறு கடைகளில் காலையில் கிடைக்கும் 'ஃபூல்' என்னும் வேகவைத்த அவரை வகை, புரதமும் நாரும் நிறைந்தது. நெடுநேரம் பசி தாங்கும். அதன்மேல் ஊற்றும் எண்ணெயைக் குறைக்கச் சொல்லலாம். உடன்தரும் தமீஸ் ரொட்டி வட்டமாய்ப் பெரிதாயிருக்கும். இருவர் பகிர்ந்துகொண்டால் போதும். லபன் எனப்படும் இனிப்பில்லாத மோர் எங்கும் கிடைக்கின்றது. சுட்ட கோழியும் மீனும் கிடைக்கின்றன. தேநீர்க் கடையில் 'பிதூன் சுக்கர்' என்னும் இரண்டே சொற்களைக் கூறக் கற்றுக்கொண்டால், நாள்தோறும் பல கரண்டிச் சருக்கரை மிச்சமாகும். சருக்கரை இல்லாமல் என்பது அதன் பொருள்.

பேரீத்தம்பழம் பற்றித் தனியே கூற வேண்டும். அருள் நிறைந்த பழம் என்பதால் அதற்குக் கணக்கில்லை என்று பலர் கருதுகின்றனர். சிறிய பழம் ஒன்றில் ஏறத்தாழ 20 கலோரியும், மெட்ஜூல் போன்ற பெரிய பழம் ஒன்றில் 60 கலோரிக்கு மேலும் உண்டு. மதீனாவின் பேரீத்தச் சந்தையில் சுவை பார்ப்பதற்கென்று கடைதோறும் நீட்டப்படும் பழங்களை வாங்கி உண்டபடியே நடந்தால், ஒரு வேளைச் சோறு சந்தையிலேயே முடிந்துவிடும். பின்னர் விடுதியில் அந்த வேளைக்குரிய சோறும் காத்திருக்கும்.

உறக்கம் குறைந்தால் பசி மிகும் என்பது ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்ட உண்மை. தஹஜ்ஜுதுக்கு எழுந்து, இஷாவுக்குப் பின் நெடுநேரம் விழித்திருப்பவர்க்கு நண்பகலில் கைலூலா என்னும் சிறு துயில் மிகத் தேவை. கடைவீதி அந்நேரத்தில் அழைக்கத்தான் செய்யும்.

நடையை விடாது பேணுதற்கு மதீனா மிக ஏற்ற ஊர். மஸ்ஜிதுந் நபவியிலிருந்து குபா பள்ளி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நடப்போர்க்கென்றே பாதையும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சனிக்கிழமைதோறும் நடந்தும் வாகனத்திலும் குபாவுக்குச் சென்று வந்ததை நபிமொழித் தொகுப்புகள் பதிவு செய்துள்ளன. ஃபஜ்ருக்குப் பின் வெயில் ஏறுமுன் யான் அப்பாதையில் நடந்தேன்.

நேரத்தைக் குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. 2024-ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 50 பாகையைக் கடந்தது. 1,301 பேர் உயிரிழந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, நிழலும் ஓய்விடமும் இன்றிக் கொடும் வெயிலில் நெடுந்தொலைவு நடந்தவர்கள் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. எடைக்காக நண்பகலில் நடக்க முற்படுவது அறிவுடைமையன்று. சருக்கரை நோயாளர்க்குப் பாதமும் ஒரு பெருங்கவலை. உணர்ச்சி மரத்த பாதம் தரையின் சூட்டை அறியாது. செருப்பைத் தொலைத்து வெறுங்காலுடன் வெளித்தரையில் நடந்து, புண்ணோடு திரும்பியோர் உளர். செருப்பை வைத்துக்கொள்ள ஒரு சிறு துணிப்பை தோளில் தொங்கட்டும். இன்சுலின் எடுத்துக்கொள்வோர் அதனைக் கைப்பையிலேயே வைத்தல் வேண்டும். தவாஃபின்போது சருக்கரை தாழ்ந்துவிட்டால் உண்பதற்குச் சிறிது இனிப்பும் உடனிருத்தல் வேண்டும். மருந்தின் அளவையும் நேரத்தையும் புறப்படும் முன்னரே மருத்துவரிடம் கேட்டறிக.

நடை மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். எடை குறையும்போது கொழுப்போடு தசையும் சிறிது கரைகின்றது. நாற்பதைக் கடந்தவர்க்கு அதனை மீட்பது எளிதன்று. விடுதி அறையில் நாற்காலியிலிருந்து கையூன்றாது பதினைந்து முறை எழுந்தமர்தலும், சுவரில் கைகளை ஊன்றி உடலைத் தள்ளுதலும், இயன்ற மாடிகளுக்குப் படியேறுதலும் பத்து நிமிடங்களில் முடியும். வாரத்தில் இரண்டு நாள் செய்தாலும் தசை பெருமளவு காக்கப்படும். ஐந்து லிட்டர் தண்ணீர்க் குடுவை ஐந்து கிலோ எடையன்றோ? அதனைத் தூக்கி இறக்கியபோது உம்மா சிரித்தார்கள். மூன்றாம் நாள் நாற்காலியிலிருந்து எழுந்தமரும் பயிற்சியில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இனி அந்த 4 கிலோவுக்கு வருகின்றேன். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கும். நான்கு கிலோ கொழுப்புச் சேர வேண்டுமாயின் தேவைக்கு மேல் 30,000 கலோரிக்கு மேல் உண்டிருக்க வேண்டும். பதினைந்து நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 2,000 கலோரி மிகை. மச்சானின் முயற்சியாலும் அது இயலாது. உண்மை யாதெனில், அவ்வெடையில் பெரும்பகுதி நீர். உப்பு மிகுந்த உணவு உடலில் நீரைத் தேக்குகின்றது. வானூர்தியில் நெடுநேரம் அமர்வதால் கால்கள் வீங்குகின்றன. மாவுப்பொருள் தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படும்போது, ஒவ்வொரு கிராமுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் தங்குகின்றது. வழக்கமான உணவுக்குத் திரும்பிய சில நாளில் இவை நீங்கிவிடும்.

இதனை அன்று யான் அறிந்திலேன். ஓராண்டு உழைப்பு பதினைந்து நாளில் பாழாயிற்றென்று மனமுடைந்தேன். மனமுடைந்தவன் தட்டை அளப்பதில்லை. உம்ரா முடித்து வந்தவரைக் காண உறவினர் இனிப்போடு வருவதும், அவர்கள் இல்லங்களில் விருந்து நிகழ்வதும் நம் வழக்கம். ஒரு மாதம் எதனையும் மறுக்கவில்லை. காலை நடையும் நின்றது. அம்மாத முடிவில் 5 கிலோ கூடியிருந்தது. அது நீரன்று. பயணத்தில் உண்மையாகக் கூடியது ஒன்று அல்லது ஒன்றரைக் கிலோவாகவே இருந்திருக்கும். எஞ்சியதை ஊரில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து யானே சேர்த்துக்கொண்டேன். அதனைக் குறைக்க ஏழு மாதம் பிடித்தது.

ஆகவே 2025-இல் திரும்பியபோது எடைப்பொறியை முதல் வாரம் தொடவே இல்லை. வந்திறங்கிய மறுநாள் காலை, உறக்கக் கலக்கத்தோடேயே, பழைய பாதையில் நடந்தேன். வந்த இனிப்புகளை உம்மா அக்கம்பக்கத்தாருக்குப் பங்கிட்டு அனுப்பினார்கள். எட்டாம் நாள் பார்த்தபோது முள் 900 கிராம் கூடுதலாகக் காட்டிற்று. மாத முடிவில் அதுவும் இல்லை.