நம் தெருவின் கணக்கு நம் தெருவுக்குத் தெரிய வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன், மழைக்காலம் முடிந்த பிறகும் நம் மஹல்லாவின் கடைசித் தெருவில் தண்ணீர் வடியவில்லை. பிள்ளைகள் சாக்கடை நீரை மிதித்துக்கொண்டுதான் மதரஸாவுக்கு வந்து போனார்கள். வீட்டுக்கு ஒருவர் வயிற்றுப்போக்கில் படுத்தார். ஜமாஅத் நிர்வாகிகள் அலுவலகத்துக்குப் போய்ச் சொன்னபோது, "உங்கள் தெருவில் கால்வாய் வேலை எப்போதோ முடிந்துவிட்டதே" என்று பதில் வந்தது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்டோம். ஒரு மாதத்தில் தடித்த காகிதக் கட்டு ஒன்று வந்து சேர்ந்தது. மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் நகல் எல்லாமே இருந்தன. ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில், பொறியாளர்களின் கணக்கில் இருந்தன. புரட்டிப் பார்த்துவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டினோம். நான்கு மாதம் அது அங்கேயே கிடந்தது.

பிறகு, டிப்ளமோ சிவில் படித்த நம் மஹல்லா தம்பி ஒருவர் அந்தக் கட்டைக் கேட்டு வாங்கிப் போனார். மறுநாள் ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். கால்வாய் யார் வீட்டு வாசலில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எத்தனை மீட்டர், எவ்வளவு பணம் என்று தமிழில், பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். அன்று அஸர் தொழுகை முடிந்ததும் நாலு பேர் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்கள். காகிதத்தில் தெருமுனை வரை போயிருந்த கால்வாய், தரையில் பத்துப் பதினைந்து வீடுகளுக்கு முன்பே நின்றிருந்தது.

அந்த ஒரு பக்கத்தோடு மீண்டும் போனபோது "முடிந்துவிட்டதே" என்ற பேச்சு வரவில்லை. தாமதமானாலும் மீதி வேலை நடந்தது.

நாம் யோசிக்க வேண்டியது அந்த நான்கு மாதத்தைப் பற்றித்தான். தகவல் நம் கையில் இருந்தும் தெருவின் கைக்குப் போகவில்லை. குழந்தைகள் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தபோது, அதற்கான விடை பீரோவுக்குள் இருந்தது. தகவலைப் பெறுவது பாதி வேலை. தெருவில் இருப்பவருக்குப் புரியும்படி அதைக் கொண்டு சேர்ப்பது மீதிப் பாதி.

வாசித்துக் காட்டிய பட்டியல்

இந்தப் பாடத்தை இந்தியாவுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் ராஜஸ்தானின் ஏழைக் கூலித் தொழிலாளர்கள். 1990-இல் அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு உருவானது. அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் அந்தக் கிராம மக்களோடு சேர்ந்து அதைக் கட்டினார்கள். அரசுப் பணிகளில் வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. கேட்டால், "நீங்கள் செய்த வேலையின் அளவு குறைவு, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது" என்றார்கள். சரி, பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசு ரகசியம் என்றார்கள்.

1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணைக் கூட்டம் நடந்தது. எப்படியோ கிடைத்த வருகைப் பதிவேட்டு நகல்களை ஊர் மக்கள் முன்னால் உரக்க வாசித்தார்கள். வந்திருந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஆனால் எந்தப் பெயர் பொய், யார் அந்த வேலைக்கே போகாதவர் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அதிகாரிக்கு வெறும் வரியாகத் தெரிந்த பெயர், ஊர்க்காரருக்கு மனிதராகத் தெரிந்தது. தணிக்கையாளரால் கண்டுபிடிக்க முடியாததை அந்த ஊர் ஒரே நாளில் கண்டுபிடித்தது.

1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. "எங்கள் பணம், எங்கள் கணக்கு" என்பது அவர்களின் முழக்கம். அந்தக் கோரிக்கை நாடெங்கும் பரவி, 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்தது. இதற்கு முன்பே, 1997-இல், தகவல் உரிமைக்கென ஒரு சட்டத்தை இயற்றிய மாநிலம் நம் தமிழ்நாடு. ஆனால் அதில் விதிவிலக்குகள் அதிகம் இருந்ததால் மக்களுக்குப் பெரிதாகப் பயன்படவில்லை.

கேட்காமலே சொல்ல வேண்டும்

மனுப் போட்டால் பதில் தரும் சட்டம் என்றே இதை நம்மில் பலர் நினைக்கிறோம். அதன் 4ஆம் பிரிவு வேறொன்றும் சொல்கிறது. ஒவ்வொரு அரசு அலுவலகமும் தன் வரவு செலவு, திட்டங்கள், மானியம் பெறுவோர் விவரம் போன்றவற்றை யாரும் கேட்காமலே வெளியிட வேண்டும். அதுவும் உள்ளூர் மொழியையும், அந்தப் பகுதியில் எந்த வழி நன்றாகப் போய்ச் சேரும் என்பதையும் கருத்தில் கொண்டு வெளியிட வேண்டும். அறிவிப்புப் பலகை, செய்தித்தாள், பொது அறிவிப்பு ஆகியவற்றைச் சட்டமே வழிகளாகக் குறிப்பிடுகிறது. இணையதளத்தின் ஏதோ ஒரு மூலையில் ஆங்கிலக் கோப்பாகப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று சட்டம் சொல்லவில்லை.

தகவல் எந்த வடிவில் வருகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2025-இல் பிகாரில் பார்த்தோம். ஆகஸ்ட் 1 அன்று வெளியான வரைவு வாக்காளர் பட்டியலில், முன்பு இருந்த சுமார் 65 லட்சம் பெயர்கள் இல்லை. வரைவுப் பட்டியல் வெளியாகியிருந்தது உண்மைதான். ஆனால் அதில் இல்லாதவர் யார், ஏன் இல்லை என்பதைச் சாதாரண மனிதர் எப்படி அறிவார்? ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. விடுபட்டவர்களின் பெயர்களைக் காரணத்தோடு இணையத்தில் வெளியிட வேண்டும், வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு தேட முடிய வேண்டும், வாக்குச்சாவடி வாரியான பட்டியலைப் பஞ்சாயத்து அலுவலகங்களில் ஒட்ட வேண்டும், செய்தித்தாளிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அறிவிக்க வேண்டும் என்றது. அதே ஆண்டின் இறுதியில் அந்தத் திருத்தப் பணி தமிழ்நாட்டுக்கும் வந்தது. பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து வீடு வீடாகச் சரிபார்க்க ஆள் இருந்தால், விடுபட்ட பெயர் நாளிருக்கும்போதே தெரியவரும். இல்லையென்றால் வாக்களிக்கப் போன அன்றுதான் தெரியும்.

நம் மஹல்லாவில் என்ன செய்யலாம்?

முதலில், கேள்வியைச் சிறியதாக்குவோம். "எங்கள் பகுதியை ஏன் புறக்கணிக்கிறீர்கள்?" என்று மனுவில் கேட்டால் பதில் வராது. சட்டம் தருவது பதிவில் இருக்கும் தகவலைத்தான். வார்டு எண், தெருவின் பெயர், நிதியாண்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டு, மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகலைக் கேட்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாடு அரசு அலுவலகங்களுக்கு நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம்.

இரண்டாவது, வந்ததை ஒரே பக்கத் தமிழாக்குவோம். நம் பிள்ளைகளில் பொறியியலும் வணிகவியலும் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். இது அவர்கள் செய்ய வேண்டிய சேவை. வாட்ஸ்அப் குழுவில் போட்டதோடு நின்றுவிடக் கூடாது. செல்போன் இல்லாத பெரியவர்களுக்கும், பலகைப் பக்கம் வராத நம் தாய்மார்களுக்கும் வாசித்துக் காட்ட வேண்டும். எந்தக் குழாயில் தண்ணீர் வருவதில்லை, எந்த அங்கன்வாடி பூட்டிக் கிடக்கிறது என்பது அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். தெரு எல்லோருக்கும் பொது என்பதால், பக்கத்து வீட்டு இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களிடமும் அந்தப் பக்கம் போக வேண்டும்.

மூன்றாவது, உரிய சபையில் பேசுவோம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபைகள் உண்டு. அங்கே ஒரு பக்கக் கணக்கோடு எழுந்து நிற்பவரின் கேள்விக்கு மதிப்பு கூடுதல்.

இரண்டு எச்சரிக்கைகள்

வேலையின் கணக்கு வேறு, மனிதரின் அந்தரங்கம் வேறு. எந்தச் சாலைக்கு எவ்வளவு செலவானது என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டிய விஷயம். யாருக்கு என்ன நோய், யார் கடனில் இருக்கிறார், யார் பைத்துல்மாலில் உதவி பெற்றார் என்பதெல்லாம் அமானிதம். 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிநபர் விவரங்களைத் தர மறுப்பதற்கான இடத்தை அகலமாக்கியிருக்கிறது. ஆகவே பெயர்களைத் துருவாமல், வேலையையும் தொகையையும் கேட்பதே நமக்கும் நல்லது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அரசு அலுவலகத்தில் கணக்குக் கேட்கும் நாம், நம் ஜமாஅத்தின் வரவு செலவைப் பலகையில் ஒட்டியிருக்கிறோமா? பள்ளிவாசல் கடை வாடகை எவ்வளவு வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று கடைசி ஸஃப்பில் நிற்கும் கூலித் தொழிலாளிக்குத் தெரியுமா? கால்வாய்ப் பக்கத்தை ஒட்டிய மறுவாரமே ஒரு பெரியவர் நம்மிடம் இதைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து நம் மாதக் கணக்கும் அதே பலகையில் தொங்குகிறது.

இந்த வாரமே உங்கள் பள்ளிவாசல் பீரோவைத் திறந்து பாருங்கள். யாருக்கோ விடையாக இருக்கும் காகிதம் ஒன்று அங்கே கிடக்கலாம். அதைத் தமிழாக்கிப் பலகையில் ஒட்டுங்கள். மீதியைத் தெரு பார்த்துக்கொள்ளும், இன்ஷா அல்லாஹ்.