ஷோப்பனின் பொற்காசு

போலந்து தேசத்துச் சங்கீத மேதையான பிரெடெரிக் ஷோப்பன் 1849-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் பாரிஸ் நகரத்தில் தமது 39-ஆவது வயதில் காலமானார். உடலை அந்நகரத்துப் பேர் லஷேஸ் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். இருதயத்தை மட்டும் அவர் தமக்கை லுட்விகா தாய்நாட்டுக்கு எடுத்துச் செல்ல, அது இன்றும் வார்ஸா நகரின் திருச்சிலுவை ஆலயத்துத் தூண் ஒன்றினுள் இருக்கிறது. அம்மரணத்தின் 150-ஆவது ஆண்டு நிறைவை முன்னிட்டு, 1999-இல் போலந்தின் தேசிய வங்கி வெளியிட்ட 200 ஸ்லாட்டி பொற்காசைப் பற்றியே இங்குச் சொல்லப் புகுந்தேன்.

காசின் குறுக்களவு 27 மில்லிமீட்டர், எடை 15.5 கிராம், அதாவது நம் கணக்கில் இரண்டு பவுனுக்குச் சற்றே குறைவு. ஆயிரம் பங்கில் 900 பங்கு பொன். கலப்பற்ற தங்கம் மிருதுவானதாகையால், சிறிது வேற்று உலோகம் சேர்த்து உறுதிப்படுத்துவது நாணயச்சாலைகளின் புராதன வழக்கம்.

ஒரு வீரனைப் பொறிக்க வேண்டுமாயின் வாள் உண்டு, மன்னனுக்கு மகுடம் உண்டு. நாதத்தையே செல்வமாகக் கொண்டவனுக்குச் சிற்பி எதைப் பொறிப்பான்? பியானோவைப் பொறித்தால் புகழ் தச்சனுக்குப் போய்விடும்! முகமொன்றே கதி. அம்முகத்தை முதலில் காசைக் காட்டிலும் பன்மடங்கு பெரிதாகச் சுண்ண மாவில் வடித்துக்கொண்டு, ஒரு முனையிலுள்ள ஊசி அவ்வுருவின் மேடுபள்ளங்களைத் தடவிச் செல்ல, மறுமுனையிலுள்ள கூரிய உளி அவற்றையே சிறிய அளவில் எஃகில் குடைந்து வரும்படி அமைந்த குறுக்கல் யந்திரத்தின் துணையால் உருவைச் சுருக்குவது, நாணயச் சிற்பிகள் நெடுங்காலம் கையாண்டு வந்த முறையாகும். அதிலிருந்து எடுக்கும் அச்சில் உருவம் குழிவாகவும் இடம் வலம் மாறியும் நிற்கும்.

ஞாபகார்த்தக் காசின் அழகெல்லாம் இதற்குப் பின்னரே பிறக்கிறது என்பது என் எண்ணம். அச்சின் சமதளத்தைக் கண்ணாடி போலப் பளபளக்கத் தேய்த்து, உருவம் அமைந்த குழிவை மட்டும் நுண்ணிய துகள்களால் தாக்கி மங்கலாக்கிவிடுவார்கள். மெருகேற்றிய பொன் வில்லையை ஈரச்சுக்களுக்கும் இடையே ஒரு வளையத்தினுள் வைத்து, ஒருமுறைக்கு மேலாகவே அழுத்துவார்கள்; பொன் பிதுங்கி ஒவ்வொரு வரியிலும் பாய்ந்து நிறையும். சமதளம் விளக்கொளியை ஒரே திசையில் திருப்பிவிடுவதால் இருண்டும், உருவம் அவ்வொளியை எல்லாத் திசையிலும் சிதறவிடுவதால் வெளுத்தும் தோன்ற, ஒரே உலோகத்தில் இரண்டு வர்ணம் கண்டாற்போல் நாம் மயங்குகிறோம். விரல் பட்டால் அக்கண்ணாடி கெடும். ஆதலால் இதனை விளிம்பில்தான் பிடிக்க வேண்டும்.

சட்டப்படி இது 200 ஸ்லாட்டி செல்லும் பணம். எனினும் அதிலுள்ள பொன்னின் விலையே அத்தொகைக்கு மேற்பட்டதாகையால், புத்தியுள்ள எவனும் இதைக் கடையில் நீட்டமாட்டான். சாமானியருக்கென்று அதே ஆண்டில் ஷோப்பன் பெயரில் 2 ஸ்லாட்டி நாணயமொன்றும் வெளிவந்தது. அதன் உலோகத்துக்கு 'நார்டிக் பொன்' என்று பெயர். நூற்றுக்கு 89 பங்கு செம்பு, அலுமினியமும் துத்தநாகமும் ஐந்தைந்து, வெள்ளீயம் ஒன்று. பொன்னோ அணுவளவும் இல்லை. குறுக்களவு அதே 27 மில்லிமீட்டர், நிறமும் மஞ்சள். ஆனால் எடை 8.15 கிராம்தான். ஆகவே இரண்டையும் இரு கைகளில் ஏந்துபவனுக்கு, கண்ணை மூடிக்கொண்டாலும் எது பொன் என்பது விளங்கிவிடும்.