அலைவரிசை யாருடையது?

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பேருந்துக்காகக் காத்து நிற்கும் ஒருவர், பத்திரிகைக் கடையில் தொங்கும் தாள்களையும், பக்கத்தில் இருப்பவரின் கைபேசியில் ஓடும் செய்திக் காட்சியையும் ஒருசேரக் கண்டால், இத்தனை குரல்கள் ஒலிக்கும் தேசத்தில் அபிப்பிராய சுதந்திரத்துக்கு என்ன குறை என்றே எண்ணக்கூடும். தாள்களும் திரைகளும் பலவாயினும், அவற்றின் உடைமையாளர்கள் சிலரே என்பதைத்தான் அவர் அறிந்துகொள்ள வேண்டும்.

1939-இல் திருச்சியில் வானொலி நிலையம் தொடங்கிய காலத்தில் ஒலிபரப்பு முழுவதும் சர்க்காரின் வசம் இருந்தது. 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி தோன்றியபின், அதே குழுமத்தாரிடம் சுமங்கலி கேபிளும், சூரியன் பண்பலையும், 2005-இல் தினகரன் நாளிதழும் வந்து சேர்ந்தன. காட்சியைத் தயாரிப்பவரே அதை வீட்டுக்குக் கொண்டுவரும் கம்பிக்கும் எஜமானராகும்போது, போட்டியாளரின் சானல் எந்த எண்ணில், எவ்வளவு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதும் அவருடைய சித்தத்தைப் பொறுத்ததாகிவிடும். இதற்குப் பரிகாரமாக 2007-இல் உருவாகி 2011-இல் புத்துயிர் பெற்ற அரசு கேபிள் நிறுவனமோ, அந்த அதிகாரத்தை ஆளுங்கட்சியின் கைக்கு மாற்றிற்றேயன்றி, அபாயத்தை நீக்கவில்லை என்பதே என் துணிபு. கட்சிகளும் அரசுகளும் இத்துறையில் இறங்கலாகாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2014-இல் பரிந்துரைத்தது. பத்திரிகை, தொலைக்காட்சி இரண்டும் ஒரே கையில் குவிவதைத் தடுக்கும் பொதுச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. அலைவரிசை பொதுஜனங்களின் சொத்து என்று உச்சநீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்திருக்க, இந்தத் தாமதம் மன்னிக்கத்தக்கதன்று.

புதிய ஊடகத்தில் நிலைமை இன்னும் கடுமை: பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்ஆப் மூன்றும் மெட்டா ஒன்றுக்கே சொந்தம், யூடியூப் 2006 முதல் கூகுளின் உடைமை. எந்தச் செய்தி நம் கண்ணுக்கு முதலில் படவேண்டும் என்பதை, நாம் முகம் அறியாத கணக்கீடு நிச்சயிக்கிறது.

ஆயினும் வாசகர் நிராதரவானவர் அல்லர். நாளிதழில் பொய்யோ அவதூறோ வந்தால், முதலில் ஆசிரியருக்கு எழுதி, நியாயம் கிட்டாவிடில், பிரசுரமான இரண்டு மாதத்துக்குள் இந்தியப் பத்திரிகை மன்றத்திடம் முறையிடலாம். 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த அம்மன்றத்தால் எச்சரிக்கவும் கண்டிக்கவும் முடியும், அபராதம் விதிக்க இயலாது. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பற்றிய புகாரை முதலில் அந்தச் சானலுக்கே அனுப்ப வேண்டும். சமூக வலைத்தளங்கள் தம் குறைதீர்ப்பு அலுவலர்வழி குறித்த கெடுவுக்குள் புகாரைத் தீர்க்கவேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு விதி. தேர்தல் காலத்தில் விளம்பரம் செய்தியாக வேஷம் பூண்டு வந்தால், மாவட்டத் தேர்தல் அலுவலரின்கீழ் இயங்கும் ஊடகக் கண்காணிப்புக் குழுவிடம் அந்தத் தாளையே சாட்சியமாகக் கொடுக்கலாம்.

ஆகவே அன்பர்களே, குறை கண்ட தாளையும் தேதியையும் பத்திரப்படுத்துங்கள். காட்சியானால் அதன் பதிவை எடுத்து வையுங்கள். கெடு கடக்குமுன் முதற்கடிதத்தை எழுதிவிடுங்கள்.